மருட்சி வெற்றுப் பேச்சா? ஷ்ரேபரின் நூலை முன்வைத்து ஒரு மொழியியல் மதிப்பீடு

1. சிக்கல்

மனநோயாளரின் பேச்சை மொழியியலார் ஆராயத் தொடங்கிய வரலாறு நீண்டதன்று. 1974இல் எலைன் சைக்கா என்னும் அமெரிக்க மொழியியலார், மனச்சிதைவு நோயாளி ஒருவரின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து, அதில் காணப்படும் பிறழ்ச்சிகள் விட்டுவிட்டுத் தோன்றும் ஒருவகைப் பேச்சிழப்பைப் போன்றவை என்று எழுதினார். மறு ஆண்டே விக்டோரியா ஃபிராம்கின் அக்கட்டுரையின் தலைப்பையே திருப்பித் தம் தலைப்பாக்கி ஒரு மறுப்பை வெளியிட்டார். சைக்கா சுட்டிய பிறழ்ச்சிகளிற் பெரும்பாலானவை நோயற்றோரின் நாப்பிறழ்ச்சிகளிலும் இடம்பெறுவனவே என்பதும், கருத்தாடல் தொடர்பறுதலை மொழித்திறன் குறைபாடாகக் கொள்ள இயலாது என்பதும் அவர்தம் வாதம். 1979இல் ரோச்செஸ்டர், மார்ட்டின் ஆகிய இருவரும், ஹாலிடேயும் ஹசனும் 1976இல் வகுத்த பனுவற் பிணைப்புக் கோட்பாட்டைக் கருவியாகக் கொண்டு, இத்தகைய பேச்சில் சுட்டுப்பெயர்கள் எதைச் சுட்டுகின்றன என்பது கேட்போருக்குத் தெளிவாவதில்லை என்று காட்டினர்.

இவ்வாய்வுகள் அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மொழி எங்கே உடைகிறதோ அங்கேதான் இவை நோக்கைச் செலுத்தின. மருட்சியோ மொழியை உடைப்பதில்லை. ‘என் எண்ணங்களை அடுத்த வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்’ என்னும் தொடரில் எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, வினைமுற்றின் இயைபும் உண்டு. இலக்கணி குறை காண இடமில்லை. எனவே மொழியியலார் இதனை மருத்துவரிடம் விட்டுவிட்டு அகன்றனர். அவ்வாறு விடப்பட்ட இடத்தில், மருத்துவர் ஒருவர் மொழியியலாரின் கருவியையே எடுத்து ஒரு முடிவுக்கு வந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மனநோய் மருத்துவ வரலாற்றை ஆராய்ந்த ஜெர்மன் பெரியோஸ் 1991இல் எழுதிய கட்டுரையில், மருட்சிகள் நம்பிக்கைகளே அல்ல, அவை வெற்றுப் பேச்சுச்செயல்கள் என்று வாதிட்டார். அவற்றின் உள்ளடக்கம் உலகையும் சுட்டாது, பேசுவோரையும் சுட்டாது என்பது அவர் கருத்து.

இம்முடிவு மருத்துவ மெய்யியலில் இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. மொழியியல் நோக்கில் அது போதிய அளவு உரசிப் பார்க்கப்படவில்லை. பேச்சு வெற்றெனின் அதனைக் கேட்க வேண்டுவதில்லை. மொழிபெயர்க்கும்போது சொல்லுக்குச் சொல் கவலைப்பட வேண்டுவதும் இல்லை. நோயாளியின் கூற்றை மருத்துவரின் மொழிக்கும் மருத்துவரின் கூற்றை நோயாளியின் மொழிக்கும் மாற்றும் பணியில் இருப்போர்க்கு இது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று.

(மருட்சி என்னும் கலைச்சொல்லை ஈண்டு வசதி கருதியே ஆள்கிறோம். அதன் தகுதி பின்னர் ஆராயப்படும்.)

2. வெறுமை மூன்று வகை

பெரியோஸின் வாதத்தை அதன் வலிமையோடு எடுத்துரைப்பதே முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவம் மருட்சியைத் ‘தவறான நம்பிக்கை’ என வரையறுத்து நமக்கு விட்டுச் சென்றது. நம்பிக்கை என்பதற்கோ சில இயல்புகள் உண்டு. அது சான்றுக்கேற்பக் கூடும், குறையும், பிற நம்பிக்கைகளோடு இணைந்து நிற்கும், செயலுக்கு வழிவகுக்கும். மருட்சியில் இவை பலவேளைகளில் இல்லை. மனச்சிதைவு என்று நாம் மொழிபெயர்க்கும் நோய்க்கு அப்பெயரிட்ட பிளாய்லர், 1911இல் வெளியிட்ட நூலிலேயே, தம்மை அரசரென்றும் மீட்பரென்றும் கூறிக்கொள்வோர் மருத்துவமனையின் எளிய வேலைகளை முணுமுணுப்பின்றிச் செய்துவருவதைப் பதிவுசெய்தார். இரட்டைக் கணக்கு வைத்தல் என்று இந்நிலைக்குப் பெயருண்டு. எனவே, நோயின் மூளைநிலை ஏதோ ஒன்று உறையும் அக்கணத்தில் தற்செயலாகச் சிக்கிக்கொண்ட சொல்துணுக்கே மருட்சியின் உள்ளடக்கம். அதிற் பொருள் தேடுவது வீண் என்கிறார் பெரியோஸ். ஃபிராய்டின் வழிவந்தோர் நோயாளியின் ஒவ்வொரு சொல்லுக்கும் மறைபொருள் கண்டு களைத்துப்போன ஒரு நூற்றாண்டின் இறுதியில் எழுந்த குரல் இது. அந்தச் சலிப்பு நமக்கும் புரிகிறது.

ஆயினும் ‘வெற்று’ என்னும் அடை இங்கே எதனைக் குறிக்கிறது? பேச்சுச்செயல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த ஆஸ்டினின் நூலில் (1962) வெறுமை, செல்லாமை என்பன செயலைப் பற்றியவை. உரிமையற்றவர் கப்பலுக்குப் பெயரிட்டால் பெயரிடுதல் நிகழவில்லை. மேடையில் நடிகர் தரும் வாக்குறுதி வாக்குறுதியன்று. அங்கே சொற்களின் பொருளுக்குக் குறைவில்லை, செயல்தான் நிறைவேறவில்லை. பெரியோஸ் குறிப்பதோ செய்தியின் வெறுமையை. 1969இல் சர்ல் தெளிவாக்கிய பகுப்பின்படி, ஒரு கூற்றில் அதன் ஆற்றல் ஒன்று, கூறப்படும் பொருள் மற்றொன்று. ஒன்று வறிதாக இருக்கையில் மற்றது நிறைந்திருத்தல் கூடும். இவற்றோடு மூன்றாவதாகச் சுட்டின் வெறுமையும் உண்டு. முடியாட்சி இல்லாத பிரான்சின் இற்றைநாள் மன்னரைப் பற்றிய பழகிய எடுத்துக்காட்டில் தொடருக்குப் பொருள் உண்டு, சுட்டப்படும் ஆள்தான் இல்லை. அதனைக் கொண்டு ஸ்டிராசன் 1950இல் நடத்திய விவாதம் இத்துறையினர் அனைவரும் அறிந்ததே.

ஆகவே ஆற்றலின் வெறுமை, பொருளின் வெறுமை, சுட்டின் வெறுமை என மூன்று உள. பெரியோஸ் மூன்றாவதைக் காட்டி இரண்டாவதை முடித்துக்கொள்கிறார். ‘பேச்சுச்செயல்’ என்னும் சொல்லால் முதலாவதையும் அதனுள் அடக்கிவிடுகிறார். நோயாளி சுட்டும் சதிகாரர் உலகில் இல்லை என்பது மெய்யே. அதனால் அவர் கூற்று கூற்றன்று என்று எவ்வாறு பெறப்படும்?

இதற்கு விடை காண ஒரு நெடிய பனுவல் வேண்டும். மருத்துவர் குறித்துவைத்த ஒற்றைத் தொடர்கள் போதா. அவை ஏற்கெனவே வேறொருவர் வாய்வழி வந்தவை. நல்லூழாக அத்தகைய பனுவல் ஒன்று இருக்கிறது.

3. நீதிபதியின் நூல்

டேனியல் பவுல் ஷ்ரேபர் (1842-1911) ஜெர்மனியின் சாக்சனி நாட்டு நீதிபதி. 1884இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றபின் முதன்முறை நோயுற்று, லைப்சிக் பல்கலைக்கழக மருத்துவமனையில் பேராசிரியர் பிளெக்சிக்கின் பொறுப்பிலிருந்து நலம்பெற்றார். 1893இல் டிரெஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஆயமொன்றிற்குத் தலைவரானார்; சில வாரங்களிலேயே மீண்டும் நோயுற்றார். 1894 முதல் பிர்னா நகரையடுத்த ஸொன்னென்ஷ்டைன் காப்பகத்தில் வைக்கப்பட்டார். அவர் தம் உரிமைகள் நீக்கப்பட்டுக் காப்பாளரின் கீழ்க் கொணரப்பட்டன. அந்நிலையில் 1900இல் எழுதத் தொடங்கிய நூல் 1903இல் லைப்சிக்கில் அச்சேறியது. தலைப்பைத் தமிழில் ‘நரம்புநோயாளி ஒருவரின் நினைவுக்குரியவை’ எனலாம். 1955இல் மெக்கால்பைன், ஹண்டர் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

ஃபிராய்டு 1911இல் இந்நூலைப் பற்றி எழுதிய கட்டுரையே இதற்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. அவர் ஷ்ரேபரைக் கண்டதில்லை. அச்சிட்ட நூலே அவருக்கு நோயாளி. மொழியியலார் அக்கட்டுரையைப் படிக்கும்போது வியப்புறுவர். ‘ஓர் ஆணாகிய நான் மற்றோர் ஆணை விரும்புகிறேன்’ என்னும் ஒரு மூலத்தொடரைக் கொண்டு, அதன் பயனிலையை மறுத்தால் பிறர் தம்மைப் பகைக்கின்றனர் என்னும் மருட்சியும், செயப்படுபொருளை மறுத்தால் எல்லாப் பெண்களும் தம்மை விரும்புகின்றனர் என்னும் மருட்சியும், எழுவாயை மறுத்தால் மனைவியின் மீது ஐயமும், தொடர் முழுவதையும் மறுத்தால் தற்பெருமையும் பிறக்கின்றன என்கிறார். மாற்றிலக்கணம் தோன்றுவதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே செய்யப்பட்ட தொடர்மாற்றம் இது! அழகு உண்டு. ஆனால் அந்த மூலத்தொடர் ஷ்ரேபருடையதன்று. ஃபிராய்டு தாமே ஒரு தொடரை இயற்றி, தாமே அதனை மாற்றுகிறார். ஷ்ரேபர் எழுதிய தொடர்கள் பக்கத்தில் காத்துக்கிடக்கின்றன.

அத்தொடர்களுக்கு வருவோம். ஷ்ரேபரின் கருத்துப்படி மனித உயிர் நரம்புகளில் உறைகிறது; இறைவனும் நரம்புமயமே; இறைநரம்புகள் கதிர்களாகி மனிதரோடு பேசுகின்றன. நாவாற் பேசும் மொழி வேறு, ‘நரம்புமொழி’ வேறு. நரம்புமொழியில் ஒருவர் விரும்பாதபோதும் அவர்தம் நரம்புகள் பேசுவிக்கப்படும். இறைவனின் மொழியை அவர் ‘அடிமொழி’ என்கிறார். அது சற்றே பழமை தோய்ந்த, ஆயின் உரம் மிக்க ஜெர்மன். (இறைவன் எம்மொழியில் பேசுகிறார் என்னும் வினாவுக்கு ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் மொழியையே விடையாகக் கூறுவர் என்பதில் நோயாளிக்கும் ஏனையோர்க்கும் வேறுபாடில்லை.) அடிமொழியில் சில சொற்கள் எதிர்ப்பொருளில் வருகின்றன. பரிசு என்றால் தண்டனை. நஞ்சு என்றால் உணவு. சாறு என்றால் நஞ்சு. இன்னும் தூய்மை எய்தாத உயிர்களுக்கே சோதித்துத் தேர்ந்த உயிர்கள் என்று பெயர். நம் இலக்கணிகள் மங்கலம் என்றும் இடக்கரடக்கல் என்றும் வகுத்தனவற்றோடு இதனை ஒப்பிட்டால், ஷ்ரேபர் இதனை மங்கல வழக்காகவே விளக்குவதன் பொருத்தம் புலனாகும். சுடுகாட்டை நன்காடு என்போர் நாம்.

இங்கே பொருளின் வெறுமை எங்கே இருக்கிறது? சொல் எதிர்ப்பொருளில் வருவது ஒரு விதி. அவ்விதியைத் தெரிந்துகொண்ட வாசகர் அடிமொழிச் சொல்லொன்றன் பொருளை ஊகித்தறியவும் முடியும்.

பறவைகளைப் பற்றிய இயல் இதனினும் முதன்மையானது. ஷ்ரேபர் கேட்கும் குரல்களில் ஒருவகை, பேசும் பறவைகளுடையது. அவை தமக்கு ஊட்டப்பட்ட சொற்றொடர்களை மனப்பாடமாக ஒப்பிக்கின்றன. சொல்வதன் பொருளை அவை அறியா. ஆயின் ஒலியொப்புமை அவற்றை ஈர்க்கிறது. ஓரளவு ஒத்தொலிக்கும் சொல்லை ஷ்ரேபர் இடையிட்டால் அவை தடுமாறி, ஒப்பித்தலை விட்டுவிடுகின்றன. சான்டியாகோ என்றாலும் கார்த்தாகோ என்றாலும் அவற்றுக்கு ஒன்றே. இயைபுத்தொடை மட்டும் அறிந்து பொருள் அறியாத கேள்வி அது. ஷ்ரேபர் இதனைச் சோதித்துப் பார்த்து எழுதுகிறார்.

இக்குரல்கள் இல்பொருட் கேள்வி என்னும் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஷ்ரேபர் தரும் விளக்கமே மருட்சி. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நோக்கினால் பெரியோஸின் கொள்கைக்கு ஏற்படும் இடர் விளங்கும். பொருளின்றி ஒலிக்கும் பேச்சு, பேசுவோரின் உள்ளத்தையோ உலகையோ சுட்டாத பேச்சு என்னும் கருத்து ஷ்ரேபரிடமே இருக்கிறது. அதனை அவர் பறவைகளுக்கு உரியதாக்குகிறார். தம் கூற்றையும் கதிர்களின் கூற்றையும் அதனின்றும் பிரிக்கிறார். வெற்றுப் பேச்சு இன்னதெனப் பகுத்தறிந்து, அதனை விளக்கும் பொருட்டு ஒருவர் எழுதும் பேச்சையும் வெற்றுப் பேச்சு என்று வகைப்படுத்துவதாயின், அவ்வகைப்பாடு எதனையும் வேறுபடுத்திக் காட்டும் தகுதியை இழந்துவிடுகிறது.

ஆற்றலின் வெறுமைக்கு வருவோம். நூலின் முகப்பிலேயே ஷ்ரேபர், தாம் கூறவிருப்பவை மனித மொழியை மீறியவை ஆதலின் உருவகங்களாலும் உவமைகளாலும் பேச நேரும் என்றும், அவை சில இடங்களில் ஏறத்தாழவே பொருந்தும் என்றும் முன்கூட்டி எச்சரிக்கிறார். நூல் நெடுகிலும் அடிக்குறிப்புகள். முன்னர்க் கூறியதைத் திருத்தும் பிற்சேர்க்கைகள். இது உறுதி, இது ஊகம் என்னும் பாகுபாடுகள். கூற்றின் உறுதியைக் கூட்டியும் குறைத்தும் பேசுவது, பேச்சுச்செயலை உணர்ந்து செய்வோர்க்கே இயலும். சட்டம் பயின்றவர் அல்லவா? காப்பகத்தின் தலைவர் வேபர், ஷ்ரேபர் தம் அலுவல்களைத் தாமே கவனிக்க இயலாதவர் என்று அறிக்கை தந்தார். ஷ்ரேபர் தாமே மேல்முறையீட்டை எழுதினார். தம்முடைய மருட்சிகள் எனப்படுவன இறைவனையும் மறுமையையும் பற்றியவை, ஆகவே இம்மை அலுவல்களில் தம் நடத்தையை அவை பாதிக்கமாட்டா என்பது அவர் வாதங்களுள் ஒன்று. பிளாய்லர் பின்னர்க் குறித்த இரட்டைக் கணக்கை, கணக்கு வைத்தவரே முன்வந்து நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டியது போன்றது இது. அவர் மனநோயாளர் என்பதை ஏற்றுக்கொண்டே, அது மட்டும் உரிமை நீக்கத்துக்குப் போதாது என்று கண்டு, டிரெஸ்டன் நீதிமன்றம் 1902 சூலையில் காப்பாண்மையை நீக்கியது.

இதனினும் நிறைவேறிய பேச்சுச்செயல் எது? ஷ்ரேபர் வாதிட்டார், நீதிமன்றம் அதனை வாதமாக ஏற்று விடைதந்தது. வாதத்தின் பொருளோ மருட்சியே.

பெரியோஸின் பக்கம் எஞ்சி நிற்பதையும் சொல்லியாக வேண்டும். ஷ்ரேபர் எல்லா நோயாளரையும் போன்றவரல்லர். கல்வியும் ஓய்வும் எழுதுந் திறனும் ஒருங்கு வாய்த்தவர். ஆண்டுக்கணக்கில் தம் உலகை ஒழுங்குபடுத்தியவர். மருட்சி தோன்றும் முதற் கணத்தில் அவரிடமும் ஒரு துணுக்கே இருந்திருக்கலாம். யாஸ்பர்ஸ் 1913இல் வெளியிட்ட பொது உளநோயியல் நூலில், முதன்மை மருட்சி என்பது பிறர் உள்புகுந்து உணர இயலாதது என்று வரையறுத்ததும் அக்கணத்தை நோக்கியே. மற்றொரு வகைச் சான்று வேறு திசையைக் காட்டுகிறது. நெருங்கிய உறவினரைப் பார்த்து, ‘இவர் அவரல்லர், அவரைப்போல் வேடமிட்ட வேறொருவர்’ என்னும் மருட்சியை 1923இல் காப்கிரா விளக்கினார். முகத்தை அடையாளங்காணும் திறன் குன்றாதிருக்க, அம்முகம் கண்டவழி எழவேண்டிய உணர்வு எழாமற்போவதே இதன் அடிப்படை என்று எல்லிசும் யங்கும் 1990இல் கருதுகோள் வகுத்தனர். அவ்விளக்கம் சரியாயின் ‘இவர் அவரல்லர்’ என்னும் தொடர் உலகைச் சுட்டாவிடினும் பேசுவோரின் அனுபவம் ஒன்றைத் துல்லியமாகச் சுட்டுகிறது. தாயின் முகத்தைக் கண்டும் தாயென்னும் உணர்வு எழாத ஒருவர் அதனைச் சொல்ல வேறெந்தத் தொடரைப் பயன்படுத்துவார்?

4. அறுந்த தொடர்கள்

ஷ்ரேபரின் நூலில் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெருஞ்சோதனையாக அமைவன அறுந்த தொடர்கள். கதிர்கள் ஒரு தொடரின் முற்பகுதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடும். பிற்பகுதியை நிரப்புமாறு அவர்தம் நரம்புகள் வற்புறுத்தப்படும். லக்கான் 1950களின் பிற்பாதியில் இதனை ஆராய்ந்தபோது, தொடர்கள் தாறுமாறாக அறுபடவில்லை என்று கண்டார். பேசுவோர், கேட்போர், காலம், இடம் ஆகியவற்றை நோக்கியே பொருள்படும் சொற்களை 1957இல் யாக்கப்சன் பெயர்ச்சிச்சொற்கள் என்று தனிவகையாக்கினார். நான், நீ, இப்போது முதலியன அவை. ஷ்ரேபர் கேட்கும் தொடர்கள் இச்சொற்கள் முடியும் இடத்தில் அறுபடுகின்றன. அகராதிப்பொருள் தாங்கும் சொற்கள் வருமுன் குரல் நின்றுவிடுகிறது.

லக்கான் இதிலிருந்து தம் கோட்பாட்டுக்குச் சென்றார். நாம் அவரைப் பின்தொடர வேண்டுவதில்லை. இந்த அறுப்பு ஜெர்மன் தொடரமைப்பின் துணையின்றி நிகழ்ந்திராது என்பது அவர் விரித்துரைக்காத செய்தி. ஜெர்மனில் துணைவினை தொடரின் இரண்டாம் இடத்தில் நிற்கும்; முதன்மை வினை இறுதிக்குத் தள்ளப்படும். ‘இனி’ என்னும் சொல், விருப்பத்தைக் காட்டும் துணைவினை, ‘நான்’, ‘என்னை’ ஆகிய நான்கு சொற்களோடு ஒரு தொடர் நிற்கிறது. காலம் தெரிகிறது, இடம் தெரிகிறது, செய்பவர் மீதே செயல் திரும்புவது தெரிகிறது, விருப்பமும் தெரிகிறது. எச்செயல் என்பது மட்டும் தெரியவில்லை. ‘நான் மடையன் என்பதற்கு உடன்பட’ என்னும் பொருளில் அதனை நிரப்ப வேண்டியவர் ஷ்ரேபர். தம்மைத் தாமே இழித்துரைக்கும் சொல்லை அவர் வாயாலேயே பெறும் பொறி இது.

ஆங்கிலத்தில் முதன்மை வினைக்குப் பின்னரே தற்சுட்டுப்பெயர் வரும். ஆகவே அதே இடத்தில் அறுத்தால் ‘என்னை’ போய்விடும். தமிழில் இழப்பு வேறு. விருப்பமும் கட்டாயமும் நம் மொழியில் வினையின் ஈற்றில் ஒட்டிக்கொண்டு வருவன. ‘இனி நான் என்னை...’ என்று நிறுத்தினால் விருப்பம் அறவே மறைந்துவிடும். இடமும் எண்ணும் ‘நான்’ என்பதால் மட்டுமே தெரியும். வினைமுற்று அதனை வழிமொழியாது. எஞ்சுவது பிடிபடாத ஒரு முனகல். மூலத்தில் பொறியாக இருந்தது மொழிபெயர்ப்பில் தயக்கமாகிவிடும். இவ்வாறு எழுதிய மொழிபெயர்ப்பைப் படித்தால் பெரியோஸின் கூற்று சரியென்றே தோன்றும்!

தமிழுக்கு இயல்பான வழி, ஈற்றைக் காத்து நடுவைத் துளைத்தல். ‘இனி நான் என்னை ------க் கொள்ளப் போகிறேன்’ என்பதுபோல் இறுதிவரை சொல்லி, முதன்மை வினையின் இடத்தை வெற்றிடமாக விடலாம். அச்சில் இது பள்ளித் தேர்வின் கோடிட்ட இடத்தை நினைவூட்டும் என்று சிலர் தயங்கக்கூடும். ஷ்ரேபர் உற்ற துன்பத்துக்கு அந்த நினைவு பொருந்துவதே என்பது எம் கருத்து.

மற்றோர் அறுந்த தொடரில் மதிப்புப் பன்மை முன்னிலையும் கடப்பாடு குறிக்கும் துணைவினையும் வருகின்றன. அத்துணைவினைக்கு ஜெர்மனில் இரு பொருள் உண்டு: ‘வேண்டும்’ என்பது ஒன்று, ‘என்கிறார்கள்’ என்பது மற்றொன்று. முதன்மை வினை வந்தபின்னரே எது பொருள் என்பது தெளியும். அம்முன்னிலைப் பெயரும் ‘அவர்கள்’ என்னும் பெயரும் ஒலியில் ஒன்றே. தொடரின் முதலில் வருங்கால் எழுத்திலும் வேறுபாடில்லை. ஆக, ‘நீங்கள் ... வேண்டும்’, ‘நீங்கள் ...ஆம்’, ‘அவர்கள் ... வேண்டும்’ என்னும் மூன்றும் அந்த ஒரு துண்டுக்குள் அடங்கும். தமிழ் மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். இகழும் குரல் மரியாதைப் பன்மையில் இகழ்கிறது என்பதையும் விட்டுவிடலாகாது. ‘நீ’ என்று மொழிபெயர்த்தால் நீதிமன்ற வாடை போய்விடும்.

இழப்புகளுக்கிடையே ஓர் ஈட்டமும் உண்டு. தாம் தலைமை நீதிபதியாக இருந்ததாகக் கூறிக்கொள்கிறவரைக் குரல்கள் ஏளனம் செய்யும் இடத்தில், ஜெர்மன் அவரை அஃறிணைச் சுட்டாற் குறிக்கிறது. ‘என்று சொல்லிக்கொள்கிறது’ என்னும் பொருளைத் துணைவினையால் உணர்த்துகிறது. ‘இது ... இருந்ததாம்’ என்னும் தமிழ் வாய்பாடு இவ்விரண்டையும் ஒருசேரத் தரவல்லது. அஃறிணை ‘இது’வும் ‘ஆம்’ ஈறும் சேர்ந்தால் எழும் ஏளனத்தைத் தமிழர் எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை.

5. ‘நம்புகிறார்’ என்பது யார் சொல்?

இறுதியாக, நம்பிக்கை என்னும் வினை. நோயாளி ‘என் எண்ணங்களைக் கேட்கிறார்கள் என்று நம்புகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘கேட்கிறார்கள்’ என்றே சொல்கிறார். ‘நம்புகிறார்’ என்பது குறிப்பெழுதும் மருத்துவரின் சொல். தவறாக நம்புதல் என்று பொருள்படும் ஒரு வினை இருக்குமாயின் அதற்குத் தன்மை நிகழ்கால வடிவம் பொருள்படாது என்று விட்கன்ஸ்டைன் சுட்டியது ஈண்டு நினையத்தகும். மருள்தல் அத்தகைய வினை. ‘மருண்டேன்’ எனலாம்; ‘மருள்கிறார்’ எனலாம்; இப்பொருளில் ‘மருள்கிறேன்’ என்பாரில்லை. ஆகவே பெரியோஸும் அவர் மறுக்கும் பழைய வரையறையும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. இருவரும் மருத்துவர் ஏற்றிய வினையையே ஆராய்கின்றனர். ஒருவர் அது பொருந்தும் என்கிறார், மற்றவர் பொருந்தாது என்கிறார்.

தமிழில் அவ்வினையைத் தேர்வது ஒரு தீர்ப்பு வழங்குவதற்கு ஒப்பாகும். மருத்துவப் படிவம் ஒன்றன் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. ஒரே ஆங்கில வினைக்கு அதில் நான்கு தமிழ் வடிவங்கள் இருந்தன. ‘கண்காணிக்கிறார்கள் என்று நம்புகிறார்’ என்பது உண்மையா பொய்யா என்பதைத் திறந்துவிடுகிறது. ‘கண்காணிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்’ என்பது, ‘கொண்டிரு’ என்னும் துணைவினைத் தொகுதியால், அது பொய் என்பதை எழுதுவோர் அறிவார் என்று காட்டிவிடுகிறது. ‘கண்காணிப்பதை உணர்கிறார்’ என்பதோ அதனை மெய்யாக்கிவிடுகிறது. ‘என்று’ நீங்கித் தொழிற்பெயர் வந்ததே காரணம். கிபார்ஸ்கி இணையர் 1970இல் உண்மைமுற்கோள் வினைகளைப் பற்றி எழுதியது இங்கே அப்படியே செயற்படுகிறது. ‘கண்காணிக்கிறார்களாம்’ என்பது பிறர் கூற்றைக் கூற்றாகவே தருகிறது எனினும், முன்னர்க் கண்ட ஏளனச் சாயல் அதில் ஒட்டிக்கொள்ளும். படிவத்துக்கு ஏற்றது ‘என்று கூறுகிறார்’ என்பதே. சுவையற்றது; ஆனால் எழுதியவர் தாம் கேட்டதற்கு மேல் எதனையும் சேர்க்கவில்லை.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளிக்குத் தரும் செய்தி அவர் புரிந்துகொள்ளும் மொழியிலும் வடிவிலும் இருத்தல் வேண்டும் என்கிறது. எனவே நோயின் பெயரும் நோயாளியிடமே சென்று சேரும். மருட்சி என்று எழுதிக் கொடுத்தால் அவர் எதனைப் படிப்பார்?

ஐரோப்பிய மொழிகளிலேயே இச்சொற்கள் ஒன்றையொன்று ஒத்தனவல்ல. பிரெஞ்சுச் சொல் உழுசாலை விட்டு விலகுதல் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல் விளையாட்டாக ஏய்த்தல் என்னும் வேரிலிருந்து. ‘வான்’ என ஒலிக்கும் ஜெர்மன் சொல் முதலில் எதிர்பார்ப்பு, எண்ணம் என்றே பொருள்பட்டது. பைத்தியத்தைக் குறிக்கும் தொகைச்சொல்லில் முதலுறுப்பாக வரும் ‘வான்’ குறைவு, இன்மை எனப் பொருள்படும் வேறொரு வேர். ஒலி ஒன்றானமையால் இரண்டும் கலந்தன. தமிழில் பிரமை வடமொழியில் அலைதலைக் குறிக்கும் வேரினது. அது இல்பொருட் காட்சிக்கும் ஆளப்பட்டுக் குழம்பிவிட்டது. திரிபு அளவை நூலார்க்கு உரிய நல்ல சொல். ஆயின் கயிற்றைப் பாம்பெனக் காணும்போது திரிதற்கு ஒரு கயிறு இருக்கிறது. மருட்சிக்கு அத்தகைய மூலப்பொருள் வேண்டுவதில்லை. திரிபைப் புலன்மயக்கத்துக்கு விட்டுவிடுவதே தக்கது.

மருட்சியின் சிக்கல் வேறு. மருள் என்பதற்குத் தெருளுக்கு மறுதலையான மயக்கம் என்னும் பொருள் நெடுங்காலமாக உண்டு. திருநாவுக்கரசரின் பிள்ளைப்பெயர் மருணீக்கியார். சிற்றூர்களிலோ மருள் வருதல் என்பது தெய்வமேறுதல். மருளாளி ஊரார் குறிகேட்டுப் பணியும் ஒருவர். இந்நிலையில், அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கத்தின் கையேட்டுச் சொல்லடைவிலுள்ள வரையறையை நோக்குக. ஒருவர் சார்ந்த பண்பாட்டினரால் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் நம்பிக்கை மருட்சியாகாது என்று அது வெளிப்படையாக விலக்களிக்கிறது. மருளாளியின் கூற்று அவ்விலக்கினுள் அடங்குவது. ஆங்கில வரையறை எதனை விலக்க முற்பட்டதோ, தமிழ்க் கலைச்சொல் அதனையே பெயராகக் கொண்டுவிட்டது.

அதே கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், மனச்சிதைவு பற்றிய இயல் மருட்சியைப் பொய்யான நம்பிக்கை என்னாமல், முரணான சான்று கண்டவிடத்தும் மாறாத நம்பிக்கை என்கிறது. பின்னுள்ள சொல்லடைவில் ‘பொய்’ என்பது அவ்வாறே இருக்கிறது. ஒரு நூலுக்குள்ளேயே முடிவாகாதது தமிழில் ஒரு சொல்லால் முடிவாகும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும், பெயர் மாற்றம் பயனற்றதன்று. ‘உளப்பிளவு நோய்’ எனப் பொருள்பட்ட தம் சொல்லை ஜப்பானியர் 2002இல் கைவிட்டு ஒருங்கிணைவுக் குலைவு என்னும் பொருளமைந்த பெயரை ஏற்றனர். நம் மனச்சிதைவில் உள்ள ‘சிதைவு’ நோயின் முடிவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. மருட்சிக்கு ஈடாக ‘மாறா உறுதி’, ‘அசையாக் கருத்து’ என்பன போன்ற விளக்கத் தொடர்களை நோயாளிக்குரிய படிவங்களில் ஆண்டு பார்க்கலாம். கலைச்சொல்லை மருத்துவர்க்குரிய நூல்களில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஷ்ரேபர் தம் முறையீட்டில், மருட்சிகள் என்னும் மருத்துவரின் சொல்லுக்கு முன் ‘எனப்படும்’ என்னும் அடையைச் சேர்த்து எழுதினார். தமிழ் நோயாளிக்கு அவ்வடை தனியே வேண்டியதில்லை. ‘எனக்கு மருட்சியாம்’ என்று அவர் சொன்னால், மருத்துவரின் கூற்றை மருத்துவரிடமே திருப்பிவைத்தவர் ஆகிறார். அத்தொடரை ஆங்கிலத்தில் குறிப்பெழுதுவோர் பெரும்பாலும் நோயுணர்வு இல்லை என்ற இரு சொற்களால் மொழிபெயர்க்கின்றனர்.